மெட்ரிக் அளவுகளுக்குப் புதியவரா? வீட்டிலிருந்தே பழகிக்கொள்ளலாம்

நாங்கள் வீடு கட்டும்போது மாடி அறைக்கு ஒரு ஜன்னல் வைத்தோம். வரைபடத்தில் 1200-க்கு 1200 என்று இருந்தது. கொத்தனார் டேப்பின் மில்லிமீட்டர் பக்கத்தைப் பிடித்து, சுவரில் சரியாக 1200 மி.மீ. இடம் விட்டார். ஆசாரியிடம் நான் போனில் சொன்னது "நாலுக்கு நாலு". அவரும் கச்சிதமாக நான்கு அடிக்குச் சட்டம் செய்து ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். நான்கு அடி என்றால் 1219 மில்லிமீட்டர். சட்டம் உள்ளே போகவில்லை. "நாலடிதானே சொன்னீங்க?" என்று ஆசாரி கேட்டார். "நாலடிதானே விட்டிருக்கேன்" என்றார் கொத்தனார். இருவர் மேலும் தப்பு இல்லை. பூசி முடித்த சுவரை உளியால் கொத்தி, சட்டத்தை நுழைத்து, திரும்பப் பூசினோம். அந்தப் பூச்சு இன்றும் ஓரத்தில் விரிசல் விட்டபடிதான் இருக்கிறது.

அன்றிலிருந்து எந்த அளவையும் அலகு இல்லாமல் நான் சொல்வதுமில்லை, வாங்கிக்கொள்வதுமில்லை. மீட்டர், கிலோ, லிட்டர் என்னும் மெட்ரிக் அலகுகளையெல்லாம் பள்ளியில் எல்லோரும் படித்துத்தான் வந்திருக்கிறோம். ஆனால் பத்திரம், பட்டா, மின்கட்டணம், மருந்துச் சீட்டு, தண்ணீர்த் தொட்டி என்று கையில் வரும்போது தடுமாறுகிறோம். அந்தத் தடுமாற்றம் போவதற்கு எந்த வரிசையில் பழகினால் எளிது என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலில், எதை அளக்கிறோம் என்று கேளுங்கள்

ஓர் அளவில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: எதை அளக்கிறோம், எத்தனை, எந்த அலகில். நம் பேச்சில் பெரும்பாலும் நடுவில் உள்ளது மட்டும்தான் மிஞ்சும். "ரெண்டு யூனிட் போதும்" என்று ஒருவர் சொன்னால், மணல் லாரிக்காரருக்கு அது 200 கன அடி. மின்கணக்கு எடுப்பவருக்கு 2 கிலோவாட் மணி. மருத்துவமனையில் இரண்டு பை ரத்தம். இன்சுலின் போடுகிறவருக்கு ஊசியில் ஒரு துளி மருந்து. ஒரே சொல், நான்கு வேறு பொருள்கள். அதனால் ஒரு எண் காதில் விழுந்ததும் "எது? எதில்?" என்று கேட்கும் பழக்கத்தை முதலில் உண்டாக்கிக்கொள்ளுங்கள்.

மெட்ரிக் முறையின் இன்றைய வடிவத்துக்கு அடிப்படை அலகுகள் ஏழு. நீளத்துக்கு மீட்டர், நிறைக்குக் கிலோகிராம், நேரத்துக்கு வினாடி, மின்னோட்டத்துக்கு ஆம்பியர், வெப்பநிலைக்குக் கெல்வின், பொருளின் அளவுக்கு மோல், ஒளிச்செறிவுக்குக் கேண்டெலா. மற்றவை எல்லாம் இவற்றைப் பெருக்கியும் வகுத்தும் வருபவை. வீட்டுத் தேவைக்கு முதல் மூன்றும் நன்றாகத் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. வெப்பநிலையில் கெல்வினை விட்டுவிட்டு செல்சியஸை வைத்துக்கொள்ளலாம்.

இந்த மீட்டர் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது கணக்குக்கும் உதவும். வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்குதான் மீட்டர் என்று 1791-இல் பிரான்ஸில் முடிவு செய்தார்கள். அதைக் கண்டுபிடிக்க டெலாம்பர், மெஷேன் என்ற இருவர் 1792 முதல் 1798 வரை பிரான்ஸின் வடகோடியில் உள்ள டன்கர்க்கிலிருந்து ஸ்பெயினில் உள்ள பார்சிலோனா வரை நிலத்தை அளந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த மீட்டர், நினைத்ததைவிட 0.2 மி.மீ. குறைவு. ஆனாலும் அதுவே நிலைத்துவிட்டது. துருவத்திலிருந்து நடுக்கோடு வரை ஒரு கோடி மீட்டர், அதாவது 10,000 கிலோமீட்டர். அப்படியானால் பூமியைச் சுற்றினால் ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். இதை மனப்பாடம் செய்யவே வேண்டாம், மீட்டரின் பிறப்பிலேயே அது இருக்கிறது. இன்று மீட்டரை ஒளியின் வேகத்தை வைத்து வரையறுக்கிறார்கள்: ஒளி வெற்றிடத்தில் ஒரு வினாடியில் சரியாக 29,97,92,458 மீட்டர் போகும்.

கிலோகிராமின் கதை இன்னும் பக்கத்தில் வந்து முடிகிறது. 1889-இலிருந்து பாரிஸுக்கு அருகில் செவ்ர் என்னும் ஊரில் பிளாட்டினமும் இரிடியமும் கலந்த ஓர் உருளையைப் பூட்டி வைத்து, அதுதான் கிலோ என்று உலகமே ஒப்புக்கொண்டிருந்தது. அதன் நகல்களில் 57-ஆம் எண் உள்ளது நம் நாட்டுக்கு வந்தது, டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. நூறு ஆண்டுகளில் மூல உருளைக்கும் நகல்களுக்கும் இடையே சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்துவிட்டது. அதனால் 2019 மே 20 முதல் உருளையை விட்டுவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற மாறாத எண்ணை வைத்துக் கிலோகிராமைச் சொல்கிறார்கள். கடையில் நாம் வாங்கும் ஒரு கிலோ வெங்காயத்தில் இதனால் எந்த மாற்றமும் இல்லை.

நம் ஊரில் இந்த முறைக்கு முன்பு படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் மாறின. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லைச் சொல்லும்போது வெறும் மரக்கால் என்று விடமாட்டார்கள், "ஆடவல்லான் என்னும் மரக்கால்" என்று பேர் சொல்லித்தான் எழுதுவார்கள். எந்த மரக்கால் என்று தெரிந்தால்தான் கணக்கு நிற்கும் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1956-இல் எடையளவுச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 16 அணா போய் 100 நயா பைசா ஆனது. 1958 அக்டோபரில் தொடங்கி, 1962-க்குள் சேரும் வீசையும் பலமும் கடைத் தராசிலிருந்து இறங்கின. நிலத்தில் சென்ட்டும், மனையில் சதுர அடியும், பூக்கடையில் முழமும் மட்டும் இறங்கவில்லை. அதனால்தான் நமக்கு இரண்டு பக்கமும் தெரிய வேண்டியிருக்கிறது.

பத்தின் ஏணி

மெட்ரிக் முறையில் எல்லாம் பத்தால்தான் ஏறும், பத்தால்தான் இறங்கும். கீழிருந்து மேலே மில்லி, சென்டி, டெசி, பிறகு அலகு, அதற்கு மேல் டெகா, ஹெக்டோ, கிலோ. ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு. இதில் டெகாவை யாரும் பயன்படுத்துவதில்லை. ஹெக்டோ ஹெக்டேரிலும், டெசி சர்க்கரைப் பரிசோதனைத் தாளில் உள்ள டெசிலிட்டரிலும் ஒளிந்திருக்கின்றன.

கிலோவுக்கு மேலேயும் மில்லிக்குக் கீழேயும் ஏணிப்படி ஆயிரம் ஆயிரமாகத் தாவும். மில்லியில் ஆயிரத்தில் ஒன்று மைக்ரோ, அதில் ஆயிரத்தில் ஒன்று நானோ. கிலோவைப் போல் ஆயிரம் மடங்கு மெகா, அதைப் போல் ஆயிரம் மடங்கு கிகா. இந்த இரண்டு வரியை மட்டும் ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டிவையுங்கள், ஒரு வாரத்தில் தானாகவே மனதில் ஏறிவிடும்.

ஏணியில் ஒரு படி தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தைராய்டு மாத்திரை நல்ல எடுத்துக்காட்டு. அதன் அட்டையில் 50 மைக்ரோகிராம், 75 மைக்ரோகிராம் என்று இருக்கும். காய்ச்சல் மாத்திரையில் 500 மில்லிகிராம், 650 மில்லிகிராம். இரண்டையும் "ஐம்பது பவர்", "ஐந்நூறு பவர்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மைக்ரோவுக்கும் மில்லிக்கும் நடுவில் ஆயிரம் மடங்கு இருக்கிறது. மருந்தைப் பற்றிப் போனில் சொல்லும்போது எண்ணோடு அலகையும் முழுச் சொல்லாகச் சொல்லுங்கள். அட்டையை நேராகப் படம் எடுத்து அனுப்புவது அதைவிட நல்லது.

ஆங்கில எழுத்தில் எழுதும்போது சிறிய எம் என்றால் மில்லி, பெரிய எம் என்றால் மெகா. எழுத்தின் உயரம்தான் மாறியது, மதிப்பு நூறு கோடி மடங்கு மாறிவிடும். தமிழில் வேறு மாதிரி குழப்பம்: "மி.கி." மில்லிகிராம், "மி.லி." மில்லிலிட்டர், "மி.மீ." மில்லிமீட்டர். கையெழுத்தில் கி-யும் லி-யும் ஒன்றுபோலத் தெரியும். அவசரத்திலும் முழுதாக எழுதிவிடுவது நல்லது.

தசமப் புள்ளியையும் இங்கேயே பார்த்துவிடலாம். நகைக்கடை ரசீதில் 24.150 என்று இருந்தால் அது 24 கிராம் 150 மில்லிகிராம். 24.15 என்று இருந்தாலும் அதே 150 மில்லிதான், 15 மில்லி இல்லை. புள்ளிக்குப் பின்னால் மூன்று இடம் நிரப்பிப் படித்தால் மில்லிகிராம் தானே வந்துவிடும். ஒரு பவுனுக்கு 8 கிராம் என்பதால் இது மூன்று பவுனுக்குச் சற்று மேல். அரை கிராமை .5 என்று எழுதாமல் 0.5 என்று எழுதுங்கள். புள்ளி மங்கினால் 5 கிராம் ஆகிவிடும்.

கைக்கும் கண்ணுக்கும் அளவு பழகட்டும்

அலகு மனதில் நிற்க வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் கைக்கெட்டும் ஒரு பொருள் வேண்டும். ஒரு டேப்பை எடுத்து உங்கள் சாணை அளந்து பாருங்கள், முழத்தையும் அளந்து பாருங்கள். என் சாண் 21 செ.மீ., முழம் 46. கடையில் டேப் இல்லாமல் அலமாரி அகலத்தைச் சொல்ல இதுவே போதும். உங்களுடையது வேறாக இருக்கும், அதனால் நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த அளவுகோல் ஏ4 தாள். அதன் அகலம் 210 மி.மீ., உயரம் 297 மி.மீ. ஏ0 என்னும் பெரிய தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதை நான்கு முறை பாதியாக மடித்தால் ஏ4. ஆக ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. கட்டின் மேலே 80 ஜி.எஸ்.எம். என்று அச்சிட்டிருப்பார்கள், சதுர மீட்டருக்கு 80 கிராம் என்று பொருள். அதைப் பதினாறால் வகுத்தால் 5 கிராம். கையில் ஒரு தாளை எடுத்துப் பார்த்தால் 5 கிராம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். 500 தாள் கட்டு 2.5 கிலோ. நீளம், பரப்பு, எடை மூன்றும் ஒரே தாளில் கிடைப்பதால் பிள்ளைகளுக்கு இதிலிருந்துதான் நான் சொல்லித் தருவேன்.

அப்புறம் தண்ணீர். பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள ஒரு சதுரப் பெட்டியில் பிடிப்பது சரியாக ஒரு லிட்டர். அந்தத் தண்ணீரின் எடை ஒரு கிலோ. பக்கத்துக்கு ஒரு மீட்டர் உள்ள பெட்டியில் ஆயிரம் லிட்டர் பிடிக்கும், எடை ஒரு டன். நீளமும் கொள்ளளவும் எடையும் இப்படிக் கைகோத்து நிற்பது அடி, காலன், பவுண்டு முறையில் கிடையாது. மாடியில் 2,000 லிட்டர் தொட்டி வைக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, "அங்கே இரண்டு டன் நிற்கப்போகிறது" என்பதுதான்.

மாற்றும்போது அலகையும் சேர்த்துப் போடுங்கள்

ஓர் அலகிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது பெருக்குவதா வகுப்பதா என்று குழம்புவது எல்லோருக்கும் நடப்பது. அதற்கு ஒரே வழி, எண்ணோடு அலகையும் எழுதி, மேலும் கீழும் அடித்துவிடுவது. மணிக்கு 60 கிலோமீட்டர் என்பதை வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று பார்ப்போம். 60 கிலோமீட்டர் என்பது 60,000 மீட்டர். ஒரு மணி என்பது 3,600 வினாடி. மீட்டர் மேலே, வினாடி கீழே. வகுத்தால் வினாடிக்கு 16.7 மீட்டர். வண்டி ஓட்டும்போது போனை ஒரு வினாடி பார்த்தால் வண்டி கண்ணில்லாமல் 16 மீட்டருக்கு மேல் போயிருக்கிறது. விடையில் நீங்கள் கேட்ட அலகு வராமல் வேறு ஏதாவது வந்தால், அந்த இடத்திலேயே நிறுத்தித் திரும்பப் போடுங்கள்.

கட்டுமானத்தில் இருப்பவர்கள் கம்பி எடை பார்க்க ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுத்தால் 0.889 கிலோ. ஒரு முழுக் கம்பி 12 மீட்டர், ஆகவே 10.67 கிலோ. 162 எங்கிருந்து வந்தது என்று பலருக்கும் தெரியாது, கேட்டால் "அது அப்படித்தான்" என்பார்கள். அலகைச் சேர்த்துப் போட்டுப் பார்த்தால் தெரியும். எஃகின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 7,850 கிலோ. கம்பியின் வட்ட முகப்பு 0.785 பெருக்கல் விட்டம் பெருக்கல் விட்டம். மில்லிமீட்டரை மீட்டராக மாற்ற இரண்டு முறை ஆயிரத்தால் வகுக்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்தால் 162-இல் ஒரு பங்கு வந்து நிற்கிறது. விட்டத்தைச் சென்டிமீட்டரில் போட்டாலோ, எஃகுக்குப் பதில் அலுமினியம் என்றாலோ இந்த 162 செல்லாது. சூத்திரத்துக்குள் அலகு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்கு அது புரியும்.

பரப்பும் கொள்ளளவும்

அதிகமாகத் தப்பு நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு சதுர மீட்டருக்கு? 100 இல்லை, 100 பெருக்கல் 100, அதாவது 10,000 சதுர சென்டிமீட்டர். கன மீட்டருக்குப் பத்து லட்சம் கன சென்டிமீட்டர். தரையில் சாக்பீஸால் ஒரு மீட்டர் சதுரம் போட்டு, அதில் பத்து சென்டிமீட்டர் கட்டங்கள் கிழித்துப் பாருங்கள், நூறு கட்டம் வரும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இன்னும் நூறு. ஒருமுறை கையால் வரைந்தவர் இதை மறக்கமாட்டார்.

இப்போது பட்டாவைக் கையில் எடுங்கள். பரப்பு என்ற இடத்தில் ஹெக்-ஏர் என்று தலைப்பு இருக்கும், கீழே 0-12.50 என்பதுபோல் எழுதியிருக்கும். கோட்டுக்கு முன்னால் உள்ளது ஹெக்டேர், பின்னால் உள்ளது ஏர். ஓர் ஏர் என்பது பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், 100 சதுர மீட்டர். நூறு ஏர் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். ஆக 0-12.50 என்றால் 1,250 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர், அதாவது 435.6 சதுர அடி. 1,250-ஐ 40.47-ஆல் வகுத்தால் 30.89 சென்ட். பத்திரத்தில் 31 சென்ட் என்று இருந்தால் இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 4.5 சதுர மீட்டர், 48 சதுர அடிக்குமேல் இடிக்கிறது. வயலில் இது பெரிதாகத் தெரியாது. வீட்டு மனையாக இருந்தால் ஒரு குளியலறையே கட்டலாம். வாங்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், நிலத்தையும் ஆள் வைத்து அளந்துவிடுங்கள். அவசரத்துக்கு ஏரை 2.47-ஆல் பெருக்கினால் சென்ட் வந்துவிடும். ஒரு ஏக்கர் 100 சென்ட், ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். சென்னைப் பக்கம் சொல்லும் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஏறக்குறைய 223 சதுர மீட்டர்.

தண்ணீர்த் தொட்டியை அடி, அங்குலத்தில் அளந்து கணக்குப் போடுவதை நான் விட்டுவிட்டேன். அடிக்கணக்கில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஐந்தடி ஆறங்குலத்தை 5.6 என்று கால்குலேட்டரில் தட்டிவிடுவார்கள். ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், ஆக ஆறு அங்குலம் அரை அடி, 5.5 என்று தட்டியிருக்க வேண்டும். மீட்டரில் இந்தத் தொல்லையே கிடையாது, 1 மீட்டர் 65 சென்டிமீட்டர் என்றால் 1.65. சம்ப், அதாவது தரைக்குக் கீழே உள்ள தொட்டி, உள்பக்கம் நீளம் 1.8 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், தண்ணீர் நிற்கும் உயரம் 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 3.24 கன மீட்டர். ஆயிரத்தால் பெருக்கினால் 3,240 லிட்டர். தொட்டியின் முழு உயரத்தையும் எடுக்காதீர்கள், தண்ணீர் குழாய்வாய் வரைதான் நிற்கும். 6,000 லிட்டர் லாரியை வரவழைத்துவிட்டு, பாதித் தண்ணீருக்கு இடமில்லாமல் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பியவர்கள் எங்கள் தெருவில் உண்டு.

மழை அளவும் இதே கணக்குதான். "நேற்று 25 மில்லிமீட்டர் மழை" என்று செய்தியில் சொன்னால், வழிந்தோடாமல் நின்றிருந்தால் தரையில் 25 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றிருக்கும் என்று பொருள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது சரியாக ஒரு லிட்டர். உங்கள் மாடி 10 மீட்டருக்கு 8 மீட்டர் என்றால் 80 சதுர மீட்டர். 25 மி.மீ. மழைக்கு அதில் விழுந்தது 2,000 லிட்டர். ஒரு ராத்திரி மழையில் மாடித் தொட்டி நிறையும் அளவு தண்ணீர் தெருவுக்கு ஓடியிருக்கிறது. மழைநீர்க் குழாயை அடைப்பெடுக்க என்னைக் கிளப்பியது இந்த ஒரு பெருக்கல்தான்.

ஆற்றுக் கணக்கு மட்டும் நம் ஊரில் இன்னும் அடியிலேயே இருக்கிறது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி, அதாவது 2.83 கோடி கன மீட்டர். மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. "நீர்வரத்து வினாடிக்கு 10,000 கன அடி" என்று நாளிதழில் படித்தால், ஒரு நாளின் 86,400 வினாடியால் பெருக்குங்கள். 86.4 கோடி கன அடி, அதாவது 0.864 டி.எம்.சி. அணை நிரம்ப எத்தனை நாள் ஆகும் என்பதை இனி நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்பது மட்டும் நினைவிருந்தால் போதும்.

கடையில் எடை

எண்ணெய் லிட்டரா கிலோவா என்று பாருங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெயின் எடை ஏறக்குறைய 910 கிராம்தான். பாக்கெட்டிலேயே இரண்டையும் அச்சிட்டிருப்பார்கள். ஒரு கடையில் லிட்டர் விலையும் இன்னொரு செக்கில் கிலோ விலையும் சொன்னால், லிட்டர் விலையை 0.91-ஆல் வகுத்துக் கிலோ விலை ஆக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

சமையல் எரிவாயு சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோ. காலி சிலிண்டரின் எடையைக் கழுத்துப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள், சிலிண்டருக்குச் சிலிண்டர் அது மாறும். அங்கே 15.3 என்று இருந்தால் கொண்டுவந்தவர் தராசில் 29.5 காட்ட வேண்டும். எடை போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கடைத் தராசில் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்கள்தான் அதைப் பார்க்கிறார்கள். பெட்ரோல் பங்கில் அளவில் சந்தேகம் வந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் குவளையில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம்.

மருந்து

குழந்தையின் காய்ச்சல் மருந்தில் இரண்டு எண்கள் இருக்கும். 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம் என்று ஒரு பாட்டில், 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று இன்னொரு பாட்டில். பெட்டியின் நிறமும் பெயரும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மருத்துவர் 125 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னால் முதல் பாட்டிலில் 5 மி.லி., இரண்டாவதில் 2.5 மி.லி. மட்டும். சீட்டில் "5 மி.லி." என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தப் பாட்டிலுக்கு என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். வீட்டு ஸ்பூன் வேண்டாம், ஒவ்வொரு ஸ்பூனும் ஒவ்வோர் அளவு பிடிக்கும். பாட்டிலோடு வரும் மூடியையோ ஊசி இல்லாத சிரிஞ்சையோ எடுங்கள்.

இன்சுலினில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ளதும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு மாறிவிடும்.

ரத்தச் சர்க்கரையை நாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் சொல்கிறோம். லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் அண்ணன் "எனக்கு ஏழுதான்" என்றால் ஆச்சரியப்பட வேண்டாம், அங்கே லிட்டருக்கு மில்லிமோல். 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கில் 126. காய்ச்சலுக்கு, பாரன்ஹீட்டில் 32-ஐக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்தால் செல்சியஸ். 98.6 என்றால் 37, 100.4 என்றால் 38.

மின்சாரத்தில் வாட்டும் யூனிட்டும்

வாட் என்பது எவ்வளவு வேகமாக மின்சாரம் செலவாகிறது என்பது. யூனிட் என்பது மொத்தம் எவ்வளவு செலவானது என்பது. குழாயில் தண்ணீர் வரும் வேகமும் வாளியில் சேர்ந்த தண்ணீரும்போல. ஒரு கிலோவாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 வாட் மின்விசிறி தினம் 10 மணி நேரம், கணக்கெடுக்கும் 60 நாளும் ஓடினால் 75 பெருக்கல் 10 பெருக்கல் 60, அதாவது 45,000 வாட் மணி. ஆயிரத்தால் வகுத்தால் 45 யூனிட். அதே இடத்தில் 30 வாட் விசிறி மாட்டினால் 18 யூனிட். 2,000 வாட் வெந்நீர்க் கருவி கால் மணி நேரத்துக்கு அரை யூனிட் எடுக்கும். ஏ.சி.யில் "ஒன்றரை டன்" என்பது எடை இல்லை, அறையிலிருந்து வெப்பத்தை எடுக்கும் வேகம். ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 3.5 கிலோவாட். அது கரண்டிலிருந்து இழுக்கும் வாட் வேறு, பின்பக்கத் தகட்டில் பாருங்கள்.

இன்று செய்து பார்க்க

ஒரு டேப், ஒரு தாள், ஒரு பேனா. மாடித் தளத்தின் நீள அகலத்தை மீட்டரில் அளந்து சதுர மீட்டர் போடுங்கள். சம்பை அளந்து லிட்டர் போடுங்கள். இரண்டையும் வைத்து, எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தால் சம்ப் நிறையும் என்று பாருங்கள். 3,240 லிட்டர் சம்புக்கும் 80 சதுர மீட்டர் மாடிக்கும் 40.5 மில்லிமீட்டர் வருகிறது. உங்கள் வீட்டுக்கு என்ன வருகிறதோ அதை எழுதி, பக்கத்தில் மி.மீ. என்றும் எழுதி, சம்ப் மூடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.